ராட்சதப் பூசணிக்கு விளக்கு வெளிச்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராட்சதப் பூசணி வளர்க்க இறங்குகிறவர்கள் விதை, எரு, தண்ணீர் எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் அடுத்தபடி விளக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வாட், எந்த நிறம், இரவு முழுக்க எரியவிடலாமா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்லும் முயற்சி இது. விளக்கு பெரிய உதவிதான். ஆனால் அது உதவும் காலம் எது என்று தெரியாமல் வாங்கினால் பணமும் மின்சாரமும் வீணாகும்.

சூரியனே இல்லாமல், விளக்கை மட்டும் வைத்து ராட்சதப் பூசணி விளைவிக்க முடியுமா?

செடியை உயிரோடு வளர்க்கலாம், காயும் பிடிக்கும். ராட்சதக் காய்க்கு மட்டும் கணக்கு இடம் கொடுக்காது. போட்டு பார்த்துவிடுவோம்.

முழு வளர்ச்சியில் ஒரு கொடிக்கு 50 முதல் 90 சதுர மீட்டர் வரை இடம் விடுகிறார்கள். நாம் 60 என்று வைத்துக்கொள்வோம். நல்ல கோடை நாளில், செடிக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 45 மோல் விழும். மோல் என்பது இங்கே ஒளித்துகள்களை எண்ணும் அலகு. 60 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2,700 மோல் ஆகிறது. தரமான எல்இடி விளக்கு ஒரு யூனிட் மின்சாரத்தில், அதாவது ஒரு கிலோவாட் மணியில், சுமார் 9 மோல் தரும். ஆக, சூரியன் ஒரே நாளில் சும்மா கொட்டுவதை ஈடுகட்ட 300 யூனிட் வேண்டும். மகரந்தம் சேர்த்ததிலிருந்து காய் அறுக்கும்வரை 90 நாள் என்றால் 27,000 யூனிட். அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் மாறும். அதை வெளியேற்ற இன்னொரு மின்செலவு.

சூரியன் தருவதில் பாதி போதும் என்று இறங்கினாலும் காய் அதற்கேற்ப இளைத்துவிடும். உச்ச வளர்ச்சி நாட்களில் இந்தக் காய் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேலும் எடை கூடும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனாலும் மீதியுள்ள சதையையும் சர்க்கரையையும் இலைகள் அன்றன்றைக்கு வெளிச்சத்தில் சமைத்து அனுப்பியாக வேண்டும்.

அப்படியானால் விளக்கு எங்கேதான் உதவும்?

மூன்று இடங்களில். முதலாவது, விதை முளைத்ததிலிருந்து நிலத்தில் நடும்வரை. இரண்டாவது, நட்ட பிறகு மேகமூட்டமான முதல் சில வாரங்கள். அப்போது செடி சின்னது, விளக்கின் கீழ் முழுதாக அடங்கும். மூன்றாவது, நல்ல கொடியின் நுனியை வெட்டி வேர்விடச் செய்து குளிர்காலம் முழுக்க உள்ளே காப்பாற்றுவது. மூன்றிலும் செடி சின்னதாக இருப்பதைக் கவனியுங்கள். விளக்கின் பலம் அங்கேதான் இருக்கிறது.

வெளிச்சத்தை எதில் அளப்பது? வாட்டா, லக்ஸா?

வாட் என்பது விளக்கு குடிக்கும் மின்சாரம், லக்ஸ் மனிதக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசம். செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில் எத்தனை துகள் இலைமேல் விழுகிறது என்பது. அதை ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு இத்தனை மைக்ரோமோல் (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று சொல்வார்கள். கோடை உச்சிவெயிலில் அது 2,000ஐ நெருங்கும்.

அதற்கான கருவி விலை அதிகம். லக்ஸ் மீட்டர் இருந்தாலே தோராயமாகக் கணக்கிடலாம். வெயிலில் எடுத்த லக்ஸை 54ஆல் வகுங்கள். வெள்ளை எல்இடிக்கு 70ஆல் வகுத்தால் ஓரளவு சரியாக வரும். கைப்பேசிச் செயலியின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தட்டின் நடுவுக்கும் மூலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

கண் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும். படிக்க வசதியான வெளிச்சமுள்ள அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். நாற்றுக்குத் தேவை 20,000 லக்ஸ் அளவில். ஜன்னலோரம் 'நல்ல வெளிச்சம்' என்று நமக்குத் தோன்றும் இடம் பூசணி நாற்றுக்கு அரைகுறை இருட்டு.

விதை முளைக்க வெளிச்சம் தேவையா?

தேவையில்லை, வெதுவெதுப்புதான் தேவை. மண்ணின் சூடு 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளில் முளை மேலே வரும். ஆனால் வளைந்த தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டும் அந்த நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். ராத்திரி முளைத்ததைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வெதுவெதுப்பான இருட்டில் சில மணி நேரத்திலேயே தண்டு நீண்டுவிடும். மூன்றாம் நாளிலிருந்தே விளக்கைப் போட்டு வைத்துவிடுவது நல்லது.

நாற்றுக்கு எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம்?

வித்திலை (விதைக்குள்ளிருந்தே வரும் முதல் இரண்டு தடித்த இலைகள்) விரிந்ததும் 200 முதல் 250 மைக்ரோமோல். முதல் நிஜ இலை வந்தபின் 300 முதல் 400 வரை ஏற்றலாம். நேரம் 16 மணி, பிறகு 8 மணி இருட்டு. ஒரு நாளின் மொத்த ஒளியை அறிய எளிய வாய்ப்பாடு உண்டு: மைக்ரோமோல் எண்ணை மணி நேரத்தால் பெருக்கி, அதை 0.0036ஆல் பெருக்குங்கள். 300 மைக்ரோமோல் 16 மணி நேரம் என்றால் 17 மோலுக்குச் சற்று மேல். பூசணி நாற்றுக்கு இது தாராளம்.

60 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு இதைத் தர, கணக்குப்படி 45 வாட் போதும். ஓரங்களில் சிதறி வீணாவதையும் சேர்த்தால் உண்மையில் 60 வாட் இழுக்கும் நல்ல எல்இடி பலகை ஒன்று சரியாக இருக்கும். பெட்டியில் '1000 வாட்டுக்கு இணை' என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். உள்ளபடி எத்தனை வாட் இழுக்கிறது, ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்ற இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் 2.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் வாங்கலாம்.

நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் காரணத்தைப் பிடியுங்கள்: வெளிச்சம் குறைவு, சூடு அதிகம், இரண்டும் சேர்ந்தது. நல்ல நாற்றின் தண்டு பென்சில் கனத்தில், குட்டையாக, வெளிர்பச்சையாக இருக்கும். வித்திலைகள் இரண்டும் உள்ளங்கை விரித்ததுபோல் படுத்திருக்கும். வெளிச்சத்துக்கு ஏங்கும் நாற்றில் தண்டு வெளுத்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி மெலிந்திருக்கும். வித்திலைகள் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

விளக்கைத் தாழ்த்துங்கள், முளைத்த பிறகு தொட்டிக்கு அடியிலிருந்து கொடுக்கும் சூட்டை நிறுத்திக் காற்றின் வெப்பத்தை 20 முதல் 24 பாகைக்குக் கொண்டுவாருங்கள், மெல்லிய காற்று படும்படி சிறு மின்விசிறி வையுங்கள். தண்டு லேசாக ஆடினால் கனக்கும். நடும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை மண் அணைக்கலாம். மண் சொதசொதவென்று இருந்தால் மட்டும் வேண்டாம், தண்டு அழுகும்.

எல்இடி நல்லதா, சோடியம் விளக்கு நல்லதா, குழல்விளக்கு போதுமா?

புதிதாக வாங்குகிறவருக்கு எல்இடி, யோசிக்கவே வேண்டாம். கையில் குழல்விளக்கு இருந்தால் நாற்றுக்கு அதுவும் போதும், இலைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே தொங்க வேண்டும். சோடியம் விளக்கு ஒரே மின்சாரத்துக்கு எல்இடியைவிடக் குறைந்த ஒளிதான் தரும், அதோடு கீழ்நோக்கி நிறைய வெப்பத்தை வீசும். குளிரான பசுமைக்குடிலில் அந்த வெப்பமே சிலருக்கு வேண்டியிருக்கும். மூடிய அறையில் அதுவே தொல்லை.

ஊதா நிற விளக்குதான் செடிக்கு நல்லது என்கிறார்களே?

சிவப்பும் நீலமும் கலந்ததால் வரும் நிறம் அது. இலை அந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் பச்சை ஒளி வீண் என்பது சரியல்ல. அது இலைக்குள் ஆழமாகவும் அடியிலைகள்வரையும் ஊடுருவிப் பயன்படுகிறது. முழுநிற வெள்ளை எல்இடியில் எல்லாமே இருக்கிறது. நாற்றுக்கு 5000 கெல்வின் (வெள்ளை வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் எண்) அளவில் சற்று நீலம் கலந்த வெள்ளை நல்லது, நீலம் தண்டைக் குட்டையாக வைக்கும். தொலைசிவப்பு, அதாவது சிவப்பையும் தாண்டிக் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி, மிகுந்த விளக்கு தண்டை நீட்டிவிடும், நாற்றுக்கு அது வேண்டாம்.

வெள்ளையை நான் விரும்ப இன்னொரு காரணம் உண்டு. ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுத்துத் தெரியும். மஞ்சளிப்பு, இலைமேல் வெண்தூள்போல் படரும் சாம்பல் நோயின் முதல் புள்ளி, இலையடியில் செடிப்பேன் கூட்டம் எதுவும் கண்ணில் படாது. தினமும் செடியைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. பார்க்க முடியாத வெளிச்சத்தில் செடியை வைப்பது அநியாயம்.

விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது?

எல்இடி பலகையை 30 முதல் 45 சென்டிமீட்டரில் வைத்துத் தொடங்குங்கள், மீட்டர் காட்டுவதைப் பார்த்து மாற்றுங்கள். இலை ஓரங்கள் சுருண்டு, விளக்குக்கு நேர்கீழே உள்ள பகுதி மட்டும் வெளுத்தால் மிக நெருக்கம். பூசணி இலை ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும்படி உயரும், அதனால் கயிற்றில் ஏற்றி இறக்கும்படி தொங்கவிடுவது வசதி.

24 மணி நேரமும் எரியவிட்டால் இரட்டிப்பாக வளராதா?

வளராது. தக்காளி, கத்தரி போன்றவற்றில் இடைவிடாத வெளிச்சம் இலையை மஞ்சளாக்கிக் கெடுப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். பூசணியிலும் அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. கூடுதல் மோல் வேண்டுமென்றால் 16 மணி நேரத்துக்குள் வெளிச்சத்தைக் கூட்டினால் போயிற்று. இரவில் இலை பகலில் சேர்த்த மாவுச்சத்தை உடைத்து வேருக்கும் தளிருக்கும் அனுப்புகிறது. ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். கையால் போட்டு அணைப்பது ஒரு வாரம்தான் ஒழுங்காக நடக்கும்.

உள்ளே எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பெரிய செடியாக நட்டால் முந்திக்கொள்ளலாமே?

இந்த ஆசையால்தான் பலரின் செடி பின்தங்குகிறது. விளக்கின் கீழ் இலை செழிப்பாக இருக்கும்போதே, தொட்டிக்குள் வேர் சுவரைத் தொட்டுச் சுற்றத் தொடங்கிவிடும். பூசணிக்கு வேர் குலைந்தால் பிடிக்காது. முளைத்து இரண்டு வாரம், அதிகம் போனால் மூன்று. முதல் நிஜ இலை முழுதாக விரிந்து இரண்டாவது எட்டிப் பார்க்கும் பருவம்தான் நடவுக்கு ஏற்றது. முதன்மைக் கொடி பெரும்பாலும் முதல் நிஜ இலைக்கு எதிர்த்திசையில் ஓடும் என்பதால், கொடி ஓட வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அந்த இலை இருக்கும்படி நடுவார்கள்.

இதற்காக விதைக்கும் தேதியை நடவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வைக்க வேண்டும். மண் இன்னும் குளிராக இருக்கிறதென்றால் விதைப்பைத் தள்ளிப்போடுங்கள். நாற்றை உள்ளே காக்க வைக்க வேண்டாம்.

விளக்கில் வளர்ந்த நாற்றை வெயிலில் வைத்ததும் இலை வெள்ளையாகக் கருகிவிட்டது. ஏன்?

300 மைக்ரோமோலில் வளர்ந்த இலை திடீரென்று 2,000ஐப் பார்க்கிறது. பெரும்பாலான எல்இடி விளக்குகளில் புறஊதாக் கதிரும் கிட்டத்தட்ட இல்லை, வெயிலில் அதுவும் சேர்ந்து அடிக்கும். வெயில்பட்ட திட்டுகள் முதலில் வெளிறி, மறுநாள் காகிதம்போல் காய்ந்துவிடும். அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகாது, புது இலை நன்றாக வரும்.

தடுக்க ஐந்து முதல் ஏழு நாள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை இளவெயில், பிறகு நிழல்வலையின் கீழ் பகல் முழுக்க என்று ஏற்றுங்கள். நட்ட முதல் சில நாட்களுக்கும் நிழல்வலை இருக்கட்டும்.

பசுமைக்குடிலுக்குள் நட்டிருக்கிறேன். துணை விளக்கு போடலாமா?

நட்ட முதல் மூன்று, நான்கு வாரம் தாராளமாகப் போடலாம். அப்போது செடி பரவியிருப்பது 4 சதுர மீட்டருக்குள்தான். மேகமூட்டமான நாளில் கூடுதலாக 10 மோல் தர நாலரை யூனிட் மின்சாரம் ஆகும். பெரிய செலவில்லை. பலன் பெரியது, ஏனென்றால் அந்த வாரங்களில் சேரும் ஒவ்வோர் இலையும் அடுத்த இலைகளுக்கு முதலீடு. அதே 10 மோலை முழுதாகப் பரவிய 60 சதுர மீட்டர் கொடிக்குத் தர 67 யூனிட். அதுவும் ஒரே நாளைக்கு.

விளக்கு வாங்கும் முன் குடிலின் கூரையைப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள், சட்டங்கள், அதன் மேல் படிந்த தூசியும் பாசியும் சேர்ந்து வெளி வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். ஒரு காலைப்பொழுது கூரையைக் கழுவினால் கிடைக்கும் ஒளியை விளக்கால் தர ஒரு பருவம் முழுக்க மின்சாரம் செலவழிக்க வேண்டும். மூடிய குடிலில் இன்னொன்றும் நடக்கும்: செடி காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தீர்த்துவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிப் பயனில்லை. முதலில் பக்கத் திரையைத் திறங்கள்.

இரவில் மங்கலான பல்பு ஒன்றை எரியவிட்டால் பூ சீக்கிரம் வருமா?

இதைவிட நஷ்டமான ஏற்பாடு கிடையாது. மங்கல் வெளிச்சம் உணவு சமைக்கப் போதாது. 'பகல் நீண்டிருக்கிறது' என்ற தகவலை மட்டும் செடிக்குக் கொடுக்கும். பூசணிக் குடும்பத்தில் நீண்ட பகலும் சூடான இரவும் ஆண்பூவைக் கூட்டும், குறுகிய பகலும் குளிர்ச்சியும் பெண்பூவுக்குச் சாதகம். நமக்கு வேண்டியது சரியான இடத்தில் ஒரு பெண்பூ. தவிர, இரவு விளக்கு அந்துப்பூச்சிகளையும் வரவழைக்கும்.

காயின் மேலேயே விளக்கு அடித்தால் பெரிதாகுமா?

மாறாக, காய்க்கு நிழல் வேண்டும். சர்க்கரை செய்வது இலை, காய் அதை வாங்கிச் சேர்க்கும் இடம். நேரடி வெயில் பட்டால் தோல் சீக்கிரம் முற்றி இறுகும். உள்ளே சதை பெருகும்போது இறுகிய தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். அதனால்தான் பிஞ்சிலிருந்தே வெள்ளைத் துணியோ நிழல்வலையோ கட்டுகிறார்கள்.

பருவக் கடைசியில் பகல் குறுகும்போது விளக்கு போட்டு எடையைக் கூட்டலாமா?

அப்போது வளர்ச்சி குறைவதற்கு வெளிச்சம் மட்டுமே காரணமில்லை. காயும் முதிர்ந்திருக்கும், இலையும் கிழடாகியிருக்கும், இரவும் குளிர்ந்திருக்கும். அந்த மின்சாரத்துக்கு ஆகும் பணத்தைக் காயின் மேல் போர்வை போடுவதற்கும் மண்ணைச் சூடாக வைப்பதற்கும் செலவழித்தால் நியாயம். சாம்பல் நோய் வராமல் இலையைக் காப்பது அதைவிட முக்கியம்.

சாம்பல் நோய்க்குப் புறஊதா விளக்கு நல்லதாமே?

புறஊதாவிலேயே வீரியம் மிகுந்த வகையான யூவி-சி கதிரை இரவில் அடித்தால் சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சை கட்டுப்படுகிறது. இரவில் அடிப்பதற்குக் காரணம், பூஞ்சை தன் பழுதைச் சரிசெய்துகொள்ள நீல ஒளியும் வீரியம் குறைந்த புறஊதாவான யூவி-ஏ கதிரும் வேண்டும். இருட்டில் அதற்கு வழியில்லை. பெரிய ஸ்ட்ராபெரிப் பண்ணைகளில் இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள். வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன். கதிர் கண்ணையும் தோலையும் சுடும், அளவு கொஞ்சம் கூடினால் இலையும் கருகும்.

உலக சாதனைக் காய்கள் எல்லாம் விளக்கால் வந்தவையா?

விதைத் தேர்வும் மண்ணும் உழைப்பும் நீண்ட கோடைப் பகலும் சேர்ந்து வந்தவை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் 1981இல் சுமார் 224 கிலோ காய்க்குச் சாதனை படைத்தார். இன்று உலகெங்கும் போட்டிக்கு வளர்க்கும் அட்லான்டிக் ஜயன்ட் வகை அவர் உருவாக்கியது. 2014இல் ஸ்விட்சர்லாந்தில் 1,054 கிலோ, 2016இல் பெல்ஜியம்காரர் ஒருவருக்கு 1,190 கிலோ, 2021இல் இத்தாலியில் 1,226 கிலோ, 2023இல் அமெரிக்காவின் மினசோட்டாக்காரருக்கு 1,247 கிலோ, 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்களுக்கு 1,278.8 கிலோ. 2014 முதலான இந்தக் காய்கள் விளைந்த இடங்கள் ஏறக்குறைய 43 முதல் 51 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கின்றன. அங்கே ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல், இரவோ குளிர்ச்சியானது. நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல் ஆண்டு முழுக்க 12 மணியை ஒட்டியே இருக்கும். அதைவிடச் சூடான இரவுதான் பெரிய தடை, பகலில் சேர்த்ததைச் செடி இரவில் சுவாசித்தே கரைத்துவிடும். அந்தத் தடையை விளக்கால் நீக்க முடியாது.

நல்ல கொடியின் துண்டை உள்ளே வைத்துக் காப்பாற்றுவது எப்படி?

சிறப்பாக வளர்ந்த செடியை அடுத்த ஆண்டும் அப்படியே தொடர இது ஒரு வழி. கோடை முடியும்போது, நோயில்லாத பக்கக்கொடியின் நுனியை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டுங்கள். பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு ஈரமான வேர்விடும் கலவையில் புதையும்படி வையுங்கள். கணுவிலிருந்து வேர் விடும்வரை 100 மைக்ரோமோலுக்குள் மென்மையான வெளிச்சம், மேலே ஈரம் காக்கும் மூடி. வேர் பிடித்தபின் 200 முதல் 300, 16 மணி நேரம். கொடி ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாக வேர்விடச் செய்து பழையதை எறிந்துவிட வேண்டும். மூடிய அறையில் சாம்பல் நோயும் சிலந்திப்பேனும் முதலில் இதைத்தான் தாக்கும், தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

மின்சார விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு விளக்கும் போடக் கூடாது. குடிலுக்குள் தூசியும் தெறிக்கும் நீரும் புகாத ஐபி65 தரமுள்ள விளக்கு. கம்பி பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்பாயிண்ட் தரையில் கிடக்கக் கூடாது.

விளக்கை எப்போது கழற்றலாம்?

இலைகள் விளக்கு விரிக்கும் வட்டத்தைத் தாண்டி நாலாபுறமும் ஓடத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். தூசி துடைத்து, உலர்ந்த இடத்தில் பெட்டிக்குள் வையுங்கள். கொடித்துண்டு எடுப்பதாக இருந்தால் கோடைக் கடைசியில் மறுபடி வேண்டியிருக்கும்.